தானமாக வந்த நுரையீரலைத் தேற்ற முடியுமா? கேள்விகளும் பதில்களும்

நுரையீரல் மாற்று அறுவைக் குழுவில், உறுப்பை உடலுக்கு வெளியே இயங்க வைக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சார், ஒரே கொடையாளரிடம் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் எடுத்தார்கள். நுரையீரலை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன்?

மற்ற உறுப்புகள் உள்ளே பத்திரமாக இருப்பவை. நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றைத் தொடுகிறது. மூளைச்சாவு நேரும்போது அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து, ரத்த அழுத்தம் எகிறி, காற்றறைகளில் நீர் கசிகிறது. அதோடு இரைப்பையில் இருந்தது மூச்சுக்குழாயில் இறங்குவது, வென்டிலேட்டரால் வரும் கிருமித்தொற்று, அளவுக்கு மீறி ஏற்றிய சலைன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். நெடுங்காலமாக, உறுப்பு கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் நுரையீரல்தான் பயன்பட்டது. ஒதுக்கியவற்றில் பலவற்றுக்கு இருந்தது கடைசி இரண்டு மூன்று நாளில் வந்த கோளாறு. சரியாகக்கூடிய கோளாறு அது. எனக்கு மனசு ஆறாத விஷயமும் அதுதான்.

ஐசியூவில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பக்கம் என்ன செய்யலாம்?

நிறைய. கருவிக்கு முன்னால் உங்கள் கைதான் வேலை செய்கிறது. ஒரு மூச்சுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி காற்று; மூச்சு விட்ட பிறகும் காற்றறை சுருங்கிவிடாதபடி 8 முதல் 10 செ.மீ. நீர் அளவு பீப் அழுத்தம். மூளைச்சாவை உறுதிசெய்ய, தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் மூச்சு நிறுத்தச் சோதனையின்போதும் அழுத்தத்தை விடக் கூடாது. குழாயைக் கழற்றினால் உடனே நுரையீரலை மறுபடி விரிக்க வேண்டும். 2010-இல் வெளிவந்த ஒரு ஐரோப்பிய ஆய்வில், இதை மட்டும் ஒழுங்காகச் செய்ததில் எடுக்கப்பட்ட நுரையீரல்கள் 27 சதவீதத்திலிருந்து 54 ஆயின. இரண்டு மடங்கு!

மருத்துவ மாணவன். உடலுக்கு வெளியே எப்படி இயக்குகிறீர்கள், அண்ணா?

கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் நுரையீரலை வைத்து, ரத்தக்குழாய்களிலும் மூச்சுக்குழாயிலும் குழாய் பொருத்துவோம். ஐஸில் வந்ததை மெல்ல மெல்ல 37 டிகிரிக்குக் கொண்டுவருவோம். அவசரப்பட்டால் வீங்கிவிடும். உள்ளே ஓடுவது இதற்கென்றே தயாரித்த ஸ்டீன் திரவம். அதிலுள்ள அல்புமின் என்ற புரதம், திசுவில் தேங்கிய நீரைக் குழாய்க்குள் இழுத்துவிடும். கனடாவின் டொராண்டோ குழு வகுத்த முறையில் திரவ ஓட்டம், இதயம் இயல்பாகத் தள்ளும் அளவில் 40 சதவீதம்தான். நிமிடத்துக்கு 7 மூச்சு. நான்கைந்து மணி நேரம் ஆக்சிஜன், விரியும் தன்மை, எக்ஸ்ரே எல்லாம் பார்ப்போம். சாம்பல் பூத்து கனமாக வந்த நுரையீரல், மூச்சுக்கு மூச்சு இளஞ்சிவப்பாகிப் பஞ்சுபோல் விரிவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இப்படிச் சோதித்த நுரையீரலை முதலில் பொருத்தியவர் ஸ்வீடனின் ஸ்டிக் ஸ்டீன், 2000-இல்.

என் கணவர் பட்டியலில் காத்திருக்கிறார். கருவியில் தேற்றியது இரண்டாந்தரம் இல்லையா?

இல்லை, அம்மா. டொராண்டோ குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தேற்றிய நுரையீரலைப் பெற்ற 20 பேரில், மூன்றாம் நாள் நடுத்தரமான அல்லது கடுமையான செயல்குறைவு 15 சதவீதம். வழக்கமான முறையில் 30. சிறிய ஆய்வு, அதனால் இது மேல் என்று சொல்ல மாட்டேன். குறைந்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன். தேறாததை நாங்கள் பொருத்துவதே இல்லை.

புகை பிடித்தவருடையது வந்தால்?

அது எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. புகையால் சிதைந்த காற்றறையைக் கருவி சரிசெய்யாது. ஆனாலும் 2012-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், அத்தகைய நுரையீரலை ஏற்றுக்கொண்டவர்கள், வேண்டாம் என்று காத்திருந்தவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசி முடிவெடுங்கள்.

ஐஸ் பெட்டியே போதாதா?

ஐஸில் 4 டிகிரியில் வைத்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். இப்போது 10 டிகிரியில் வைத்துப் பார்க்கிறார்கள். செல்லுக்குள் இருந்து அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா அந்தச் சூட்டில் நன்றாகத் தாங்குகிறது. அதனால் நள்ளிரவில் வந்த நுரையீரலை, தூங்கி எழுந்த குழு காலையில் பொருத்த முடிகிறது.