பழைய சின்ன காரைக் கொடுத்துவிட்டு வேன் வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் 11 வருடப் பழைய சின்ன கார் இருக்கிறது. கடன் இல்லை. நான், மனைவி, இரண்டு குழந்தைகள். மாதம் ஒரு தடவை என் அப்பா அம்மாவும் வருவார்கள். 3 வருடம் ஓடிய பெரிய வேன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஃப்ளாட் வட்டி 10 சதவீதம், 5 வருடக் கடன். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறேன். மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் அந்த வட்டியைப் பாருங்கள். ஃப்ளாட் வட்டி என்றால், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இந்த 10 சதவீதம் உண்மையில் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது எரிபொருள். கார் லிட்டருக்கு 16 கி.மீ., வேன் 10 கி.மீ. கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 750 லிட்டர் எங்கே, 1,200 லிட்டர் எங்கே! டயர், காப்பீடு எல்லாமே வேனுக்கு அதிகம்தான். காரின் மதிப்பு விழவேண்டிய அளவுக்கு விழுந்துவிட்டது. வேனுக்கு இன்னும் நிறைய விழ வேண்டியிருக்கிறது.

ஆறு பேராகப் போவது வருடத்தில் 12 நாள். அந்த நாட்களுக்கு மட்டும் வேன் வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, 12 மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் பழைய காரை அப்படியே நம்பிவிடக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா, டைமிங் பெல்ட் (என்ஜினில் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று ஒத்து அசைய வைக்கும் பெல்ட்) எப்போது மாற்றியது என்று பாருங்கள். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) நன்றாக இருந்தாலும் பத்து வருடமான டயரில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

அடிச்சட்டம் துருப்பிடித்துப் போயிருந்தால் என் பதில் மாறும். அப்போதும் இந்தக் கடனில் வேண்டாம். தவணைக்கு ஆகும் தொகையை ஒரு வருடம் தனியாகச் சேர்த்து வையுங்கள், கடனும் சின்னதாகும். அப்புறம், கையெழுத்துப் போடுமுன் அம்மாவை ஒருமுறை அந்த வேனில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். படி உயரம், முழங்கால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம்.