அவர் ஏன் உங்களிடம் சொல்லவில்லை?

கேள்வி: ராணுவத்தில் 24 ஆண்டுகள் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்திருக்கிறேன். ஊர் தொண்டிக்குப் பக்கம். கைக்கு வந்த பணத்தில் ஒரு ஃபைபர் வள்ளமும் நண்டு வலையும் வாங்கினேன். மனைவியின் தாய்மாமாதான் படகை ஓட்டுகிறார், கூட மூன்று பையன்கள். படகு விஷயத்தில் என் பேச்சுதான் கடைசி என்று முதல் வாரமே கரையில் வைத்துச் சொல்லிவிட்டேன். கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வலை விடச் சொன்னேன், விட்டார்கள். ராத்திரி வாடை ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி வலையைக் காணோம். மீதி, பாசி சுற்றி வடம் மாதிரி முறுக்கிக் கிடந்தது. காற்று ஏறும் என்று மாமாவுக்கு முன்பே தெரியுமாம். பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. பட்டாளத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? வீட்டிலும் நிம்மதி இல்லை. பத்தாவது படிக்கும் மகள், நான் உள்ளே வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.
பெயர் வேண்டாமே, தொண்டி

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கால் விரல்.

1990களில் எங்கள் பட்டாலியன் சியாச்சினில் இருந்தது. நான் அப்போது நாயக். மேலே ஒரு போஸ்ட்டில் எட்டுப் பேருக்குப் பொறுப்பு. எங்கள் கேப்டன் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாக வந்து உட்காருவார். பூட்ஸைக் கழற்றச் சொல்வார், சாக்ஸைக் கழற்றச் சொல்வார், அது ஈரமா என்று கையில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு விரலையும் கட்டைவிரலால் அழுத்தி, விட்டதும் சிவப்பு திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். எட்டுப் பேர், எண்பது விரல். அதன் பிறகுதான் தன் பூட்ஸைக் கழற்றுவார்.

அவர் கீழ் முகாமுக்குப் போயிருந்த மூன்று நாள் அந்த வேலை என்னுடையது. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், 'நானே பாத்துட்டேன் சார், நல்லா இருக்கு' என்றான். சரி என்று விட்டுவிட்டேன். கேப்டன் திரும்பி வந்த ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் இடது கால் சுண்டுவிரல் மெழுகு போல வெளுத்து, தொட்டால் கட்டையாக இருந்தது. ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

கேப்டன் அவனைத் திட்டவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, 'அவன் ஏன் உன்னிடம் சொல்லவில்லை?' என்று கேட்டார். மறைத்துவிட்டான் சார் என்றேன். மறுபடியும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வாரம் அவன் தலைவலி என்று சொன்னபோது, எல்லோர் முன்னாலும், 'இங்க வந்து சாக்குச் சொல்லாதே' என்று வாயை அடைத்தவன் நான்தான். அதற்குப் பிறகு அவன் எதையுமே என்னிடம் சொல்லவில்லை.

மாமா ஏன் சொல்லவில்லை என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. என் பேச்சுதான் கடைசி என்று கரையில் நின்று சொன்னீர்களே, மனிதர் அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். வலை விடு என்றீர்கள், விட்டார். வருத்தப்படாதீர்கள் தம்பி. அவரைக் கீழ்ப்படியாதவர் என்று நீங்கள் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பட்டாளத்தில் நம் சொல்லுக்குப் பின்னால் எத்தனை நின்றன என்று யோசித்துப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் நின்றது. தோளில் பட்டை இருந்தது. ஜவானுக்குச் சம்பளமும் சாப்பாடும் துணிமணியும் சர்க்கார் கொடுத்தது. அவ்வளவு இருந்தும், கடைசி சிப்பாய்கூட எழுந்து நின்று குறை சொல்லட்டும் என்று சைனிக் சம்மேளன் நடத்தினார்கள். உங்கள் வள்ளத்தில் சட்டமும் இல்லை, பட்டையும் இல்லை. பங்குக்கு வரும் ஆள் நாளைக்கே வேறு படகில் ஏறலாம். வலை போன பிறகும் மாமா உங்கள் படகில்தான் இருக்கிறார். அதைக் கவனித்தீர்களா?

என் அப்பா மண்டபத்தில் வலை இழுத்தவர். வாடை அடிக்கும் மாதங்களில் எங்களுக்கு வடகடல் ஆகாது, தென்கடலுக்குப் போவார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலுக்குத் திரும்புவார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே அவர் படகை மேலே இழுத்துப் போட்ட நாட்கள் உண்டு. நான் பதினெட்டு வயதில் வெலிங்டன் ராணுவப் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டதால் அதில் பாதியைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. நீங்களும் அப்படித்தான். வெலிங்டனில் பூட்ஸ் கயிறு கட்டுவதிலிருந்து நமக்குக் கற்றுக்கொடுத்த உஸ்தாதை எப்படி மதித்தோம்! கடலில் நீங்கள் இப்போது ரிக்ரூட், மாமாதான் உஸ்தாத். உஸ்தாதை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று எந்த ரிக்ரூட்டாவது கேட்பானா?

முதலில் மாமா வீட்டுக்குப் போங்கள். 'அன்னைக்கு நான் பேசினது தப்பு மாமா. வலை விடலாமா வேண்டாமான்னு இனிமே நீங்கதான் சொல்லணும்' என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சைப் பையன்கள் முன்னால் பேசினீர்கள் என்பதால், இதையும் பிறகு அவர்கள் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிடுங்கள். போன வலைக்கான காசில் ஒரு ரூபாய்கூட அவர்கள் பங்கில் பிடிக்காதீர்கள். டேராடூன் ராணுவ அகாடமியின் திறப்பு விழாவில், 1932இல், தலைமைத் தளபதி செட்வுட் சொன்னது இன்றும் அங்கே எழுதியிருக்கிறது: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், உன் கீழ் இருப்பவர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்தது, உன் சொந்த சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். அதிகாரிகளுக்குச் சொன்னது என்று விட்டுவிட வேண்டாம். நட்டத்தை யார் தலையில் போடுகிறோம் என்பதில்தான் இது தெரியும்.

அப்புறம், இந்தப் பருவம் முழுக்க நீங்களும் கடலுக்குப் போங்கள். போகாத நாளில் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றுங்கள். நண்டுக் கொடுக்கு கிழித்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று உங்கள் கைக்குத் தெரியட்டும். அதன் பிறகு அந்த மூன்று பையன்களின் கைகளைப் பாருங்கள். வெட்டு புரையோடியிருக்கிறதா, கடலில் சொறிமீன் பட்டுத் தடித்திருக்கிறதா, ஒருவன் ஒரு கையாலேயே வேலை செய்கிறானா. சியாச்சினில் எங்கள் கேப்டன் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். நீங்கள் நாலு நாள் பார்த்தால், ஐந்தாம் நாள் அவர்களே சொல்வார்கள்.

24 ஆண்டுப் பட்டாளப் பழக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. படகில் இருக்கிற ஆள் கணக்குக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, டீசல் போக வர மட்டும்தானா மிச்சமும் இருக்கிறதா, என்ஜினுக்கு ஸ்பேர் இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவு போடாமல் நீங்களே செய்யுங்கள். பங்குக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி, நண்டு விற்ற அன்றைக்கே நால்வருக்கும் காட்டிவிடுங்கள்.

மகள் விஷயம். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, இடையில் கொஞ்சம் கேஷுவல். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து உங்களை அவ்வளவுதான் பார்த்திருக்கிறாள், அதுவும் பெட்டி நிறைய சாமான் கொண்டுவரும் விருந்தாளியாக. காய்ச்சலில் கண்விழித்ததும் பள்ளியில் கையெழுத்துப் போட்டதும் உங்கள் மனைவி. வீட்டின் கமாண்ட் அவரிடம்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது. புதிதாக யூனிட்டுக்கு வந்தவர் நீங்கள். மகளுக்கு எத்தனை மணிக்கு என்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரீட்சை முடியும்வரை மார்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். காலையில் பஸ் நிற்கும் இடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூட நடங்கள். அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாளும் நடங்கள்.

மாமா வீட்டுக்கு இன்று சாயங்காலமே போய்விடுங்கள். பையன்களை அங்கே வரச் சொல்ல வேண்டாம். அவர்களிடம் நாளை கரையில் சொல்லிக்கொள்ளலாம்.