வேதாகமத்தை நம்பலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. எங்கள் பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7 "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்கிறது. கத்தோலிக்க நண்பனின் திருவிவிலியத்தில் அது இல்லவே இல்லை. யார் வெட்டியது?

பதில்: யாரும் வெட்டவில்லை தம்பி, அது பின்னால் சேர்ந்தது. பழைய கிரேக்கப் பிரதி எதிலும் அந்த வரி கிடையாது. லத்தீன் பிரதிகள் வழியாகத்தான் பரவியது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதை விட்டுவிட்டார். உடனே 'ஆரியுஸ் கட்சிக்காரன்' என்று அவர்மேல் பாய்ந்தார்கள் (கிறிஸ்து படைக்கப்பட்டவர், பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று 4-ஆம் நூற்றாண்டில் போதித்தவர் ஆரியுஸ்). அப்புறம் அந்த வரியோடு ஒரு கிரேக்கப் பிரதி வெளியே வந்தது. மை காய்ந்து அதிக நாள் ஆகாத பிரதி! இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 1522 பதிப்பில் எராஸ்மஸ் வரியைச் சேர்த்தார், சந்தேகத்தையும் குறித்துவைத்தார். அங்கிருந்து 1611 ஆங்கில வேதாகமத்துக்கும் நம் பழைய தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வசனத்தைச் சந்தேகிப்பது பாதுகாப்பானதல்ல என்று 1897-ல் சொன்னதே ரோம், அதாவது கத்தோலிக்கத் தலைமைதான். 1927-ல் தளர்த்திக்கொண்டார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவம் இதனால் ஆட்டம் காணாது; ஆரியுஸோடு வாதாடிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வரி இல்லாமல்தான் வாதாடினார்கள்.

கேள்வி: மாற்கு 16-ன் கடைசி 12 வசனங்களும் இப்படித்தானா?

பதில்: கிட்டத்தட்ட. 4-ஆம் நூற்றாண்டின் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சீனாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டுமே 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 2-ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற பிஷப் 19-ஆம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். பழையதுதான், மாற்கு எழுதியதாகத் தெரியவில்லை. சர்ப்பங்களை எடுப்பது பற்றிய வசனம் இந்தப் பகுதியில்தான் வருகிறது. அதை வைத்து யாரும் பாம்பைப் பிடிக்கப் போகவேண்டாம்.

கேள்வி: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா சபைச் சங்கத்தில் உட்கார்ந்து வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, பாஸ்டர்?

பதில்: இல்லை. 325-ல் அங்கே நடந்த பெரிய சண்டை ஆரியுஸைப் பற்றியது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் அப்படியே வரும் முதல் பட்டியல் 367-ல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியு எழுதிய பஸ்கா (ஈஸ்டர்) நிருபத்தில் இருக்கிறது.

கேள்வி: தாவீது போரடிக்கும் களத்தை 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான் என்கிறது 2 சாமுவேல் 24:24. 600 சேக்கல் பொன் என்கிறது 1 நாளாகமம் 21:25. ஒன்று பொய்தானே?

பதில்: களத்துக்கும் மாடுகளுக்கும் 50, சுற்றியுள்ள நிலம் முழுவதற்கும் 600 என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது வலிந்து சொல்வதாகப் படுகிறது. பின்னால் எருசலேம் ஆலயம் எழும்பிய இடம் என்பதால் நாளாகமக்காரர் விலையை உயர்த்திக் காட்டுகிறார் என்றே நினைக்கிறேன். வேதத்தில் பிழையே இல்லை என்று 1978-ல் சிகாகோ அறிக்கை வெளியிட்ட சுவிசேஷ சபைத் தலைவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். மூலப்பிரதியில் பிழையே இல்லை என்பது அவர்கள் நிலை. ஆனால் அந்த மூலப்பிரதி இன்று யார் கையிலும் இல்லையே! 1965-ல் கத்தோலிக்கர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நம் மீட்புக்காகத் தேவன் எழுதிவைக்க விரும்பிய சத்தியத்தை வேதம் பிழையின்றிப் போதிக்கிறது என்றது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)க்காரன்தான். இந்த விஷயத்தில் கத்தோலிக்கர்கள் பக்கம் நிற்கிறேன்.