நட்சத்திரம் கட்டாத வீட்டில் கிறிஸ்துமஸ்

சகோதரி, புகுந்த வீடு பெந்தெகொஸ்தே, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டக்கூட விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி ஒரு வீட்டுக்கு வந்தவள்தான். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. 1659-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். அதனால் மாமியாரிடம் வசனம் காட்டி வாதாடாதீர்கள்.

எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அம்மாதான். மாவில் தோய்த்த அச்சை எண்ணெயில் உதறிக்கொண்டே பாமாலை பாடுவார். அதைத்தான் கணவரிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் 24-ஆம் தேதி அவரே என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். எங்கள் வாசலில் இன்றும் நட்சத்திரம் இல்லை, சரி, இருக்கட்டும். முதலில் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.