படிவத்தில் என்ன எழுதுவது?

வணக்கம் அக்கா,

நான் துணுக்காய்ப் பக்கம். ஏ.எல். உயர்தரப் பரீட்சை பயோ பிரிவில் இரண்டாந்தரமும் எழுதிவிட்டேன். மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சொற்பந்தான் குறைவு. எனக்குப் படிப்பித்த சிஸ்டர் ஒருவர், இந்தியாவில் வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மாதிரி மிசன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறா. படித்து முடிய, அவர்கள் சொல்கிற இடத்தில் வேலை செய்ய வேணுமாம். நாங்கள் சைவம். 'ஏன் இங்கே படிக்க வருகிறாய்' என்று கேட்டால் உண்மையாக என்ன எழுதுவேன்? அப்பா மூன்றாந்தரமும் எழுதிப் பார் என்கிறார்.

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

'உண்மையாக என்ன எழுதுவேன்' என்ற வரியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பிரசவத்தில் மூன்று பெண்கள் ஒரே இரவில், பார்க்கப் பெண் வைத்தியர் இல்லாமல் இறந்ததைக் கண்டுதான், சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வைத்தார். அவருடைய பாட்டன் ஜோன் ஸ்கடர் அமெரிக்க மிசனிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்தில் எங்கள் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அதே அமெரிக்க மிசனில் 1847இல் வந்த சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் கூடிய உத்தியோகத்துக்குப் போய்விடுவதைக் கண்டு, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். தமிழில் படித்தவர்கள் ஊரோடு நிற்பார்கள் என்று நம்பினார். படித்த பிள்ளை கடைசியில் எங்கே நிற்கும் என்பது அன்றைக்கே அவர்களுடைய கவலை. உன்னிடம் கேட்கப்போவதும் அதைத்தான்.

மீள்குடியேறி வந்த புதிதில், அரிவி வெட்டு நேரம், பக்கத்துக் காணி அண்ணனைப் புடையன் பாம்பு கடித்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆசுபத்திரியில் ஒரேயொரு வைத்தியர், தெற்கிலிருந்து வந்த பெடியன். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். இருபது நிமிசம் கழித்துச் சரித்தார். இரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடியது. விசமுறிவு மருந்து ஏற்றினார். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் மூச்சை அடைக்கும் என்று விடியும்வரை கட்டிலடியில் கதிரை போட்டு இருந்தார். இடைக்கிடை "நோகுதா அண்ணே?" என்று கேட்பார். அவ்வளவு தமிழ்தான் அவருக்கு. அண்ணன் தப்பினார். அடுத்த வருசம் வைத்தியருக்கு இடமாற்றம் வந்தது. பிறகு கனகாலம் அந்தக் கதிரையில் ஆளில்லை.

2009இல் போரின் கடைசி நாட்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடைசிவரை நின்றவர்களும் அரச வைத்தியர்கள்தான். அதனால் மிசன் கல்லூரியில் படித்தால்தான் சேவை செய்யலாம் என்று நினைக்காதே. விசுவாசியாக நடித்தும் எழுதாதே. நான் சைவப்பிள்ளை, இப்படி ஓர் ஊரிலிருந்து வருகிறேன், இந்த வேலைக்காக வருகிறேன் என்று எழுது. அது அவர்களுக்குப் போதாதென்றால் அந்த இடம் உனக்கு வேண்டாம்.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதே. மூன்றாந்தரம் எழுத உனக்கு உரிமை இருக்கிறது. உன் மாவட்டமான முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியில் அந்த மாவட்டங்களுக்கென்று உள்ள 5 வீத ஒதுக்கீட்டுக்கும் நீ உரித்தானவள். சொற்ப புள்ளிதான் குறைவென்றால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

வேலூர்தான் என்றால் இந்திய மருத்துவ நுழைவுப் பரீட்சையான நீட் எழுத வேணும். ஸ்பொன்சர் செய்யும் சபையின் ஆசுபத்திரியில் இரண்டு வருசம் நிற்க வேண்டிவரும். அது எந்த ஊர், இலங்கையில் செய்யலாமா என்று கையெழுத்து வைக்க முன்னம் கேள். திரும்பி வந்து இங்கே வைத்தியம் பார்க்க வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மருத்துவச் சபை வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் இருக்கிறது. சிஸ்டர் இதெல்லாம் சொன்னாவா?

படிவம் நிரப்ப முன்னம் ஒரு காலை மல்லாவி ஆசுபத்திரி ஓ.பி.டி. வாங்கில் போய் இரு. நம்பர் துண்டோடு காத்திருக்கும் சனத்தைப் பார். பன்னிரண்டு மணிக்கும் அங்கேயே இருக்க மனம் வருகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா