பதினொரு வருடம் வந்த பிள்ளையை யாருக்குத் தெரியும்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, மகளுக்கு 9. மகன் நான்கு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். மனப்பாட வசனப் போட்டியில் வருடம் தவறாமல் பரிசு வாங்கியவன். ஏழெட்டு மாதமாக ஆலயத்துக்கு வர மறுக்கிறான். வந்தாலும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். "என் ஃபிரெண்டு வேற மதம், ரொம்ப நல்லவன். அவன் நரகத்துக்குத்தான் போவானா?" என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டானாம். "விசுவாசிக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான்" என்றார்களாம். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. செல்போனைப் பிடுங்கி வைத்தால் தானாக வருவான் என்கிறார் என் கணவர். திடப்படுத்தல் (ஞானஸ்நான வாக்குறுதியைத் தானே உறுதி செய்யும் சடங்கு) வகுப்புப் பட்டியலில் அவன் பெயரைப் போதகர் சேர்த்துவிட்டார், அவனோ வேண்டாம் என்கிறான். அண்ணனைப் பார்த்து மகளும் இப்படி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் மகன் மேல் மரியாதைதான் வந்தது. நண்பனை நினைத்துக் கவலைப்பட்டு, அந்தக் கவலையைச் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறான். விசுவாசத்தில் அக்கறையே இல்லாத பையன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். கூட்டம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாம் முறை படித்தபோது உறுத்தியது வேறு. ஏழெட்டு மாதமாக அவன் சரியாக வருவதில்லை என்கிறீர்கள். இத்தனை நாளில் சபையிலிருந்து யாராவது அவனிடம் பேசினார்களா? "தம்பியைக் காணோமே" என்று உங்களிடம் விசாரித்திருப்பார்கள், அது தெரியும். நான் கேட்பது அவனிடம். அப்படி ஒருவர் இருந்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கு வயதிலிருந்து பதினைந்து வரை, பதினொரு வருடம், ஞாயிறு தவறாமல் ஒரு இடத்துக்குப் போன பிள்ளை. மனது சரியில்லாத ஒரு நாளில் அவன் போன் செய்யக்கூடிய பெரியவர் ஒருவர்கூட அங்கே இல்லை என்றால், வசனப் பரிசுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வளர்பிள்ளைகளுக்குப் போதனை போதவில்லை என்றுதான் சபைகளில் எப்போதும் பேசுகிறோம். இன்னொரு வகுப்பு, இன்னொரு முகாம், கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரு வாலிபத் தலைவர். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெற்றோரைத் தவிர, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும், தன் கேள்விக்குக் காது கொடுக்கவும் சபையில் இரண்டு மூன்று பெரியவர்கள் இருக்கிற பிள்ளை, கோபத்தில் போனாலும் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்குச் சபை இன்னொரு பள்ளிக்கூடம். படித்து முடித்தால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகத்தானே செய்வார்கள்?

அந்த வாலிபர் கூட்டத் தலைவர் மேல் கோபப்படலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். இருபத்து நான்கு வயதில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பெருவெள்ளத்தில் மிதந்த நோவாவின் பேழைக் கதை. படம் எல்லாம் வரைந்து தயாராகப் போயிருந்தேன். ஏழு வயதுச் சிறுமி கையைத் தூக்கி, "பேழைக்கு வெளியே இருந்த சின்னப் பாப்பாக்கள் என்ன ஆனாங்க?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அந்த வருடம் முழுவதும் அவள் கையைத் தூக்கவே இல்லை. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று நானே அவளுக்கு ஒரு பரிசும் கொடுத்தேன்.

அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். அது போதும். உங்கள் மகனிடம் நீங்கள் இப்போதும் அதைச் சொல்ல முடியும். கூடவே ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தை எடுத்து வையுங்கள். சோதோம் நகரம் அழியப்போகிறது என்று தெரிந்ததும், ஆபிரகாம் தேவனுக்கு முன்னால் நின்றுகொண்டு, சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாமல் இருப்பாரா என்று கேட்கிறார். ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்து பேர் வரைக்கும் இறங்கி இறங்கிப் பேரம் பேசுகிறார். வேதாகமம் அவரை அவிசுவாசி என்று சொல்லவில்லை, விசுவாசிகளின் தகப்பன் என்கிறது. உங்கள் மகன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். நண்பனைப் பற்றிக் கேட்டால் உங்களிடம் தயாரான பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையுள்ள கிறிஸ்தவர்களே நூற்றாண்டுகளாக இதில் ஒரே பதிலைச் சொன்னதில்லை. அதையும் அவனிடம் மறைக்காதீர்கள்.

சரி, கட்டாயப்படுத்துவதா, விடுவதா?

ஞாயிறு ஆராதனைக்கு எங்களோடு வா என்று சொல்ல, பதினைந்து வயது மகனின் தாயாக உங்களுக்கு உரிமை இருக்கிறது. வந்து விசுவாசி, கண்ணை மூடு, கையைத் தட்டு என்று சொல்ல இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். "வாரத்தில் ஒரு மணி நேரம் நாம் நான்கு பேரும் சேர்ந்து உட்காருவோம், அது நம் வீட்டு வழக்கம். உள்ளே நீ என்ன நினைக்கிறாய் என்பது உன்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசைதான் வேண்டும் என்றால் நீங்களும் கடைசி வரிசைக்குப் போங்கள். வாலிபர் கூட்டம் அவன் விருப்பம், அதைப் பற்றி இப்போதைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒரு ஞாயிறு ஒரேயடியாக மறுத்தால், அன்று விட்டுவிடுங்கள். வாசலில் சண்டை போட்டுவிட்டு முன் வரிசையில் துதி பாடுகிற குடும்பத்தைப் பிள்ளைகள் நன்றாகப் படித்துக்கொள்கிறார்கள்.

செல்போனைப் பிடுங்குவது வேண்டாம். போன் அதிக நேரம் கையில் இருக்கிறது என்றால் அது தனி விஷயம், தனியாகப் பேசுங்கள். தேவனுடைய பெயரும் தண்டனையும் ஒரே வாக்கியத்தில் வரக் கூடாது. உங்கள் கணவருக்கு ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இல் தொடங்கி முப்பது வருடத்துக்கும் மேலாக நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. பெற்றோர் எவ்வளவு பக்தியானவர்கள் என்பது மட்டும் போதவில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவே பாசமும் நெருக்கமும் எவ்வளவு இருந்தது என்பது அதிக வித்தியாசத்தை உண்டாக்கியது, அதுவும் அப்பாவிடம் இருந்த நெருக்கம் குறிப்பாக. அதனால் உங்கள் கணவர் அந்தப் போனைப் பிடுங்குவதற்குப் பதிலாக, மகன் அதில் என்ன பார்க்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கட்டும். உபதேசம் இல்லாமல். அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், உபாகமம் 6-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற நேரங்களைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. அதில் வகுப்பறையே இல்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலை எழுதியபோதும், குடும்பத் தலைவர் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்றுதான் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வைத்தார். ஞாயிறு பள்ளிகள் பரவியது அதற்கு வெகு காலம் கழித்து. 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கி வைத்தது, வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க. வீட்டில் நடக்க வேண்டியதை நாம் மெல்ல அதன் தலையில் கட்டிவிட்டோம்.

இதற்காக ஒரு மணி நேரக் குடும்ப ஜெபம் நடத்தச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு கஷ்டம் வரும்போது நீங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் ஜெபிப்பதை அவன் கேட்கட்டும். கோபத்தில் அவனிடம் தப்பாகப் பேசிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் பிரசங்கத்தையும் கமிட்டிச் சண்டையையும் மட்டுமே பேசாதீர்கள். பின் இருக்கையில் இருப்பவர்களுக்குக் காது மிகவும் கூர்மை.

இப்போது முக்கியமான வேலை, அந்தப் பெரியவரைத் தேடுவது. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற ஞானப்பெற்றோர் யார்? எத்தனையோ குடும்பங்களில் அவர்கள் அன்றைய புகைப்படத்தோடு சரி. இந்த ஏற்பாடே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் இருக்கிறது. அவர்கள் தூரத்தில் இருந்தாலும் போன் செய்யச் சொல்லுங்கள். "ஏன் சர்ச்சுக்குப் போகவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம், பரீட்சையையோ விளையாட்டையோ பற்றிப் பேசட்டும். அவர்கள் சரிப்படாது என்றால், சபையில் அவசரப்படாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். வாலிபராக இருக்க வேண்டும் என்று இல்லை. வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலுக்குக் கிடைத்த ஆசாரியர் ஏலியை நினைத்துப் பாருங்கள். கண் மங்கிப்போன கிழவர், சொந்த மகன்களைத் திருத்தவும் முடியாதவர். அந்தப் பையன் ஒரே இரவில் மூன்று முறை வந்து எழுப்பியும் அவர் எரிந்து விழவில்லை. இவனைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

அப்புறம், அவனுக்கு அங்கே ஒரு வேலை வேண்டும். மைக் செட், பாடல் வரிகளைத் திரையில் போடுவது, சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவி, எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் உண்மையான வேலையாக இருக்க வேண்டும், அவன் வராவிட்டால் நின்றுபோகிற வேலை. இழுத்துக்கொண்டு வருவதற்காகப் போட்ட தூண்டில் என்றால் பதினைந்து வயதுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். தப்புச் செய்தால் எல்லார் முன்னாலும் திட்டக் கூடாது என்று பொறுப்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பெரியவரோடு பழக்கம் என்றால் மற்றவர்கள் பார்க்கிற இடத்தில், உங்களுக்குத் தெரிந்து. ரகசியச் செய்திகள், மூடிய அறையில் தனி ஜெபம் எதற்கும் இடம் இல்லை, அவர் எவ்வளவு பரிசுத்தவான் என்று பெயர் எடுத்தவராக இருந்தாலும். இதோடு சேர்த்து, "அங்கே யாராவது உன்னைக் காயப்படுத்தினார்களா, பயமுறுத்தினார்களா?" என்று மகனிடம் ஒரு முறை நிதானமாகக் கேட்டுவிடுங்கள். வாலிபர் கூட்டத்தில் அவனுக்குக் கிடைத்த பதில் மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். ஆலயம் மட்டும் இல்லாமல் நண்பர்கள், சாப்பாடு, தூக்கம், பிடித்த விளையாட்டு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறான் என்றால், அதை ஆவிக்குரிய பிரச்சினை என்று சொல்லிக் காத்திருக்காமல் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.

திடப்படுத்தல் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் வேண்டாம் என்றால் இந்த வருடம் வேண்டாம். குழந்தையாக இருந்தபோது மற்றவர்கள் தனக்காகச் சொன்ன வாக்குறுதியை, இப்போது தானே தன் வாயால் சொல்கிற நாள் அது. மனதில் இல்லாததைச் சபைக்கு முன்னால் சொல்ல வைத்தால், பொய் சொல்வதற்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம். வகுப்பில் மட்டும் உட்கார்ந்து கேட்கிறேன், வாக்குறுதி இப்போது இல்லை என்று அவன் சொன்னால், நல்ல போதகர் அதற்குச் சம்மதிப்பார். உறவினர்கள் பேசுவார்கள். ஒரு மாதம் பேசுவார்கள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நானும் அதிகம் சொல்லப் போவதில்லை. "அண்ணன் மாதிரி ஆகிவிடாதே" என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். அண்ணனைக் கெட்டவனாக்கினால், நாளைக்கு அவளுக்கும் ஒரு கேள்வி வரும்போது அதை உங்களிடமிருந்து ஒளித்துவைப்பாள். ஆராதனையில் எந்த வரிசையில் இருந்தாலும் அவளை நடப்பது தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். திருவிருந்து நேரத்தில் என்ன நடக்கிறது என்று காதோடு சொல்லுங்கள். ஒன்பது வயதில் அவளைத் தெரிந்த பெரியவர்கள் சபையில் எத்தனை பேர் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

இந்த வாரமே போதகரைப் பார்க்கப் போவீர்கள் என்று நினைக்கிறேன். போவதற்கு முன்னால் மகனிடம் சொல்லுங்கள்: "பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லப் போகிறேன். உன் கேள்வியைப் பற்றியும் பேசட்டுமா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் பட்டியலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுங்கள்.