கேளுங்க சொல்றேன்: நொந்துபோன ஓட்டு எங்க போகுது?

கம்பம் வாசகர்: ஐயா, எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல ஒரே கட்சிதான். இப்ப என் பையன் நேத்து முளைச்ச ஒரு கட்சிக்குக் கொடி கட்டுறான். அவங்க என்னடா செய்வாங்கன்னு கேட்டா, உங்காளுங்க என்ன செஞ்சாங்கன்னுதான் தெரியுமேங்குறான். படிச்ச பையன்தான். இவங்கெல்லாம் மேடைப்பேச்சுல மயங்கிப் போறாங்களா?

மயங்கிட்டாங்கன்னு சொல்லிட்டா நமக்கு வேலை மிச்சம் அண்ணே, ஆனா உங்க பையன் சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. புதுசா வர்றவன் உத்தமன்னு நம்பியெல்லாம் முக்காவாசிப் பேரு போறதில்ல, இவன் இன்னும் நம்மள ஏமாத்தலங்குறதுதான் அவனுக்கு இருக்குற ஒரே தகுதி.

இதுக்கு டெல்லி வரைக்கும் போக வேணாம், நம்ம மலை மேல பாருங்க. 2015 செப்டம்பர்ல மூணாறுல கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற பொம்பளைங்க, அதுல பெரும்பாலும் நம்ம தமிழ்ச் சனம், வேலையப் போட்டுட்டு ரோட்டுல வந்து உக்காந்தாங்க. நாள் கூலி 232 ரூபா, 20 சதவீதம் போனஸ் கேட்ட இடத்துல 10தான்னு சொல்லிட்டாங்க, லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீட்ல ஒத்த ரூம்ல மூணு தலைமுறை. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அவங்க கோபம் கம்பெனி மேல மட்டும் இல்ல. சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி.ன்னு மூணு யூனியன் இருக்கு, மூணுக்கும் சந்தா கட்டுன சனம்தான், ஆனா மூணுல ஒருத்தரையும் பந்தல் பக்கம் அண்ட விடல. மார்க்சிஸ்ட் கட்சிக்காரரான தொகுதி எம்.எல்.ஏ. வந்தாரு, அவரையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நமக்காகப் பேசப் போனவன் கம்பெனிக்காரன் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டான்னு தோணிடுச்சு, அவ்வளவுதான். அப்படி உருவானதுதான் பெம்பிளை ஒருமை, பொம்பளைங்க ஒத்துமைன்னு அர்த்தம்.

அரசியலே வேணாம்னுதான் அவங்க கெளம்புனாங்கன்னு அப்ப நிறைய பேரு எழுதுனாங்க, எனக்கு அது சரியாப் படல. ஏன்னா 92 வயச நெருங்கிக்கிட்டிருந்த கேரள முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து பக்கத்துல உக்காந்தப்ப அவர ஏத்துக்கிட்டாங்களே, அவரும் அதே மார்க்சிஸ்ட் கட்சிதானே? அப்ப வெறுத்தது கொடிய இல்ல, நடுவுல நின்னவன. போனஸ் 20 சதவீதக் கணக்குக்கு வந்துச்சு, கூலி 500 கேட்டதுக்கு அப்புறமா 301 ஆச்சு. அந்த வருசமே உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு சில எடத்துல ஜெயிக்கவும் செஞ்சாங்க, பெறகு முன்னால நின்னவங்களுக்குள்ள பிளவு வந்து ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. கோபத்துல கூடுற கூட்டத்துக்கு அடுத்த வருசம் சந்தா வாங்கவும் ஆபீஸ் தொறக்கவும் ஆள் வேணும், அது இல்லாம போச்சு.

வெளிநாட்லயும் இதே கதைதான். கிரீஸ்ல பாசோக்னு ஒரு கட்சி, பென்சன்காரங்க, அரசாங்க ஊழியருங்க, தொழிலாளிங்க எல்லாம் நம்ம கட்சின்னு நெனச்ச கட்சி, 2009ல 44 சதவீதம் ஓட்டு வாங்குச்சு. கடன் நெருக்கடி வந்ததும் அவங்களே பென்சன்லயும் சம்பளத்துலயும் கை வெச்சாங்க, எதிர்க்கட்சியும் கடைசில அதே கடன் கண்டிசனுக்குத் தலையாட்டுச்சு, 2015 ஜனவரில பாசோக் 5 சதவீதத்துக்கும் கீழ, மூலைல கெடந்த சிரிசா 36. ரெண்டு பெரிய கட்சியும் ஒரே பதிலச் சொன்னா சனம் மூணாவது கதவத் தட்டத்தான் செய்யும். அதே நேரத்துல அகதிங்களயும் வெளியூர்க்காரனையும் அடிக்கணும்ங்குற கோல்டன் டான் கும்பலுக்கும் 6 சதவீதம் போச்சு, அதையும் மறந்துட முடியாது. கோபம் மேல இருக்குறவன் மேல போகலாம், பக்கத்து வீட்டுக்காரன் மேலயும் திருப்பி விடலாம். 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு அணை உடையப் போகுதுன்னு பேச்சக் கெளப்பி குமுளியில பாதை அடைச்சு, ஏலத்தோட்டத்துத் தமிழ்ச் சனம் துணிமூட்டையோட மலை எறங்கி வந்தத உங்க ஊர்ல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. உங்க பையன் கட்சி மேடைல யாரத் திட்டுறாங்கன்னு ஒரு நாள் நின்னு கேளுங்க அண்ணே, கொடியோட கலர விட அதுதான் எனக்கு முக்கியம்.

நகரி வாசகர்: எங்க பக்கம் என்.டி.ஆர். ஜெயிச்சது சினிமா மவுசும் ரெண்டு ரூபா அரிசியும்தானே சார்?

ரெண்டும் உண்டு, ஆனா அது மட்டும்னா சிரஞ்சீவியும் முதலமைச்சர் ஆகிருக்கணுமே. என்.டி.ஆர். 1982 மார்ச்சுல தெலுங்கு தேசம் கட்சிய ஆரம்பிச்சாரு, 1983 ஜனவரில ஆட்சி. அதுக்கு முந்தின அஞ்சு வருசத்துல காங்கிரஸ் நாலு முதலமைச்சர மாத்துச்சு, எல்லாம் டெல்லில இருந்து வர்ற சீட்டுதான். ஐதராபாத் விமான நிலையத்துல முதலமைச்சர் அஞ்சையாவ ராஜீவ் காந்தி எல்லார் முன்னாலயும் கடிஞ்சது ஊரே பேசுன சங்கதி. தெலுங்கரோட தன்மானம்னு என்.டி.ஆர். வேன்ல ஏறிப் பேசுனப்ப கேக்குறதுக்குக் காது தயாரா இருந்துச்சு. சிரஞ்சீவி 2008ல கட்சி ஆரம்பிச்சப்ப ராஜசேகர ரெட்டி ஆட்சி மேல அந்த அளவு வெறுப்பு இல்ல, விவசாயிக்கு இலவச கரண்டு, ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு குடுக்குற ஆரோக்கியஸ்ரீ எல்லாம் போய்ச் சேர்ந்திருந்துச்சு, எதிர்க்கட்சி எடத்துல தெலுங்கு தேசமும் கெட்டியா உக்காந்திருந்துச்சு. 2009ல 18 சீட்டு, 2011ல காங்கிரஸ்லயே கட்சியக் கரைச்சாச்சு.

குமுளி வாசகி: எல்லாரும் ஒண்ணுதான்னு ஆன பெறகு நோட்டாவ அமுக்குனா போதாதா?

போதும்னு சனம் நெனைக்கல தாயி. 2013ல இருந்து அந்தப் பட்டன் இருக்கு, 2014லயும் 2019லயும் நாடு முழுக்க ஒரு சதவீதத்தச் சுத்தித்தான் விழுந்துச்சு. அதுல யாரும் தோக்குறதில்லயே! நோட்டா முதல்ல வந்தாலும் அடுத்து நிக்குற ஆளு எம்.பி.தான். நொந்தவனுக்கு யாராவது ஒருத்தன் பதறுறதப் பாக்கணும், அந்தப் பதட்டத்தக் குடுக்குறது புதுக் கட்சிதான்.

போடி வாசகர்: எனக்கு உடும்பஞ்சோலையிலயும் ஓட்டு இருக்கு, இங்கயும் இருக்கு. ரெண்டு மாநிலத்துலயும் ஏமாந்தாச்சு. அடுத்து என்ன செய்ய?

மொதல்ல இந்த லெட்டர வேற யாருக்கும் காட்டாதீங்க. ரெண்டு எடத்துல பேரு வெச்சிருக்குறது சட்டப்படி தப்பு, பட்டியல்ல சேக்க பொய்யா எழுதிக் குடுத்திருந்தா ஒரு வருசம் வரைக்கும் உள்ள போகலாம். படிவம் 7 குடுத்து ஒண்ண நீக்கிடுங்க. எத நீக்கன்னு என்னக் கேக்காதீங்க, எங்க குடியிருக்கீங்களோ அங்க வெச்சுக்கோங்க.